ஃபேர்லேடி இசட்: தொழிற்சாலைப் பாகமும் பந்தயப் பாகமும்

நிசான் நிறுவனம் 1969ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் அறிமுகப்படுத்திய ஃபேர்லேடி இசட், அதே காலத்தில் டாட்சன் 240இசட் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கி, ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய உலகின் மதிப்பீட்டையே மாற்றியது. அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்கப்பட்ட அந்தக் கார், தன்னைவிட மிக அதிக விலை கொண்ட ஐரோப்பியக் கார்களுடன் வேகத்தில் போட்டியிட்டதால், 1978ஆம் ஆண்டுக்குள் அந்த முதல் தலைமுறையில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை உற்பத்தியாயின. இன்று அவற்றைப் புதுப்பிக்கும் தொழில் தழைத்திருக்கிறது. ஆயினும், காரைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே கொண்டுவர வேண்டுமா, அன்றைய உரிமையாளர்கள் பொருத்திய கூடுதல் பாகங்களையும் ஏற்கலாமா என்ற கேள்வி அத்தொழிலில் தொடர்ந்து எழுகிறது. இதற்கு விடை காண, அந்தப் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய வேண்டும்.

இசட் தொடக்கத்திலிருந்தே ஒரே காராக இருந்ததில்லை. ஜப்பானில் 2,000 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட கார்களுக்குக் கடுமையான வரி இருந்ததால், உள்நாட்டில் பெரும்பாலும் 1,998 சிசி எஞ்சினே வந்தது. அமெரிக்காவுக்கோ 2,393 சிசி எஞ்சின் சென்றது. இவற்றுக்கு மேலாக, ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் எஸ்20 எஞ்சினைப் பொருத்திய இசட் 432 என்ற அரிய வகை ஏறத்தாழ 420 மட்டுமே தயாரிக்கப்பட்டது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்பரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட் என்பதே அந்த எண்ணின் பொருள். சாதாரண இசட் எஃகுச் சக்கரங்களில் ஓடியபோது, 432 கோபே ஸ்டீல் நிறுவனத்தின் மக்னீசியம் சக்கரங்களில் ஓடியது. இதனால், ஒரு வகைக்குத் தொழிற்சாலைப் பாகமாக இருந்தது இன்னொரு வகையின் உரிமையாளருக்கு விரும்பிச் சேர்க்கும் பாகமாயிற்று.

இவ்வாறு பாகங்களைப் பெருக்கிய முதன்மையான காரணம் பந்தயம். பொதுமக்களுக்கு விற்கப்படும் காரில் உள்ள அமைப்பையே பந்தயக் காரிலும் பயன்படுத்தலாம் என்ற விதியின்படி, ஓர் அமைப்பைக் களத்தில் இறக்க விரும்பிய நிறுவனம் முதலில் அதைச் சந்தையில் விற்றாக வேண்டும். இந்தத் தகுதிப் பதிவையே ஹோமோலொகேஷன் என்பர். 1971ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த 240இசட்ஜி இதற்குத் தெளிவான சான்று. காற்றைக் கிழித்துச் செல்லும்படி நீட்டப்பட்ட கண்ணாடியிழை மூக்கும், அகலமான டயர்களுக்கு இடம் தரச் சக்கர வளைவுகளின்மேல் பொருத்தப்பட்ட ஓவர்ஃபெண்டர்களும் பெற்றதால், 4,115 மில்லிமீட்டராக இருந்த காரின் நீளம் 4,305 ஆகவும், 1,630 ஆக இருந்த அகலம் 1,690 ஆகவும் உயர்ந்தன. ஜி-நோஸ் என்று பெயர்பெற்ற அந்த மூக்கு, பின்னாளில் இசட் காரின் மற்ற வகைகளிலும் பரவலாகப் பொருத்தப்பட்டது.

அமெரிக்காவில் இந்த வரலாறு வேறு பாதையில் சென்றது. பீட்டர் பிராக்கின் பிஆர்இ அணிக்காக 240இசட் ஓட்டிய ஜான் மார்ட்டன், 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எஸ்சிசிஏ என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பின் சி-புரொடக்‌ஷன் பிரிவுத் தேசியப் பட்டத்தை வென்றார். அந்த வெற்றியால், முன்புறத்தின் அடியில் பொருத்தும் காற்றுத் தடுப்பும் பின்புற ஸ்பாய்லரும் சாதாரண வாங்குவோரின் விருப்பப் பொருள்களாயின. அமெரிக்காவுக்கு வெளியேயும் இசட் வெற்றி கண்டது: கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ரேலியில் 1971ஆம் ஆண்டு எட்கர் ஹெர்மனும், 1973ஆம் ஆண்டு இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தாவும் இதே காரில் வென்றனர்.

புதுப்பிப்பவரின் முதல் வேலை, கையிலுள்ள கார் எந்தச் சந்தைக்காக எப்போது தயாரிக்கப்பட்டது என்பதை உறுதிசெய்வதாகும். அடிச்சட்டக (சேசிஸ்) எண்ணின் முன்னெழுத்துகளில் பிஎஸ்30 என்பது 432 வகையையும், எச்எஸ்30 என்பது வலப்புற ஓட்டுகையுள்ள 2.4 லிட்டர் காரையும், எச்எல்எஸ்30 என்பது அதன் இடப்புற ஓட்டுகை வகையையும் குறிக்கும். அமெரிக்கக் கார்களின் கதவுச் சட்டத்திலுள்ள தகட்டில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் காணப்படும். தொடக்ககாலக் கார்களின் பின்கதவில் இருந்த காற்றுத் துளைகள் 1971ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுப் பக்கத் தூண்களுக்கு இடம்பெயர்ந்தன. அத்தகைய சிறு மாற்றங்களும் காரின் வயதைக் காட்டிக்கொடுப்பவை.

அடுத்தது பாகங்களின் பொருத்தப்பாடு. பிரெஞ்சு சோலெக்ஸ் நிறுவனத்தின் உரிமத்தின்கீழ் மிகுனி தயாரித்த இரட்டைக் குழாய்க் கார்பரேட்டர்கள் மூன்றை வரிசையாக வைத்தால், ஆறு சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் குழாய் கிடைக்கிறது. 432 காரில் 40 மில்லிமீட்டர் அளவுள்ளவை இருந்தன. பந்தயத்துக்கும் வேகத்துக்கும் சாதாரண இசட்டின் எல் வரிசை எஞ்சினில் 44 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றைப் பொருத்துவர். ஆறு குழாய்களிலும் காற்றோட்டம் ஒரே சீராக இல்லையேல் எஞ்சின் நடுங்கும் என்பதால், அவற்றை ஒத்திசைப்பது தனித் தேர்ச்சியைக் கோரும் வேலை. மக்னீசியம் சக்கரங்களோ எடை குறைந்தவையாயினும் எளிதில் அரிப்புக்கு உள்ளாவதால், விரிசல் சோதனைக்கு உட்படுத்தாமல் சாலையில் ஓட்டுவது ஆபத்தானது. உடலமைப்பில் தரைத் தகடும் பேட்டரித் தட்டும் முதலில் துருப்பிடிப்பவை. அவற்றை வெட்டிப் பற்றவைக்காமல் அரிய பாகங்களை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை.

தொழிற்சாலை நிலையும் அக்காலப் பழக்கமும் நேருக்கு நேர் முரண்படும் இடமும் உண்டு. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக 1973ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் தட்டையான தலையுடைய கார்பரேட்டர்கள் வந்தபோது, அவை வெப்பத்தில் தொல்லை கொடுத்ததால், பல உரிமையாளர்கள் முந்தைய ஆண்டுகளின் வட்டத் தலை கார்பரேட்டர்களை மாற்றிப் பொருத்தினர். தொழிற்சாலைப் பட்டியலின்படி தட்டைத் தலையே சரி. வரலாற்றில் அந்தக் கார் ஓடிய விதத்தின்படி வட்டத் தலையும் சரியே.

நிறுவனங்களும் இப்பணியில் இறங்கின. 1990களின் பிற்பகுதியில் நிசானின் அமெரிக்கப் பிரிவு பழைய 240இசட் கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்றது. ஆனால் 40க்கும் குறைவானவையே முடிக்கப்பட்டன. நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017ஆம் ஆண்டு முதல் ஆர்32 ஜிடி-ஆர் காருக்கு வழக்கொழிந்த பாகங்களை மீண்டும் தயாரிக்கிறது; டொயோட்டாவும் சூப்ரா, 2000ஜிடி ஆகிய கார்களுக்கு அவ்வாறே செய்கிறது. முழுக் காரையும் புதுப்பித்து விற்பதைவிடப் பாகங்களைத் தந்து வேலையை உரிமையாளரிடம் விடும் வழியே இன்று மேலோங்கியிருக்கிறது.

ஆகவே, அக்காலத்துக்குரிய விருப்பப் பாகங்களை ஏற்பது காரின் மெய்ம்மையைக் கெடுப்பதாகாது. அவை பந்தய விதிகளாலும் வரியாலும் உரிமையாளரின் தேவைகளாலும் அதே ஆண்டுகளில் உருவானவை. எனினும், ஒரு பாகம் அழகாக இருக்கிறது என்பது மட்டும் அதை ஏற்கப் போதாது. அந்த ஆண்டில், அந்தச் சந்தையில், அந்த வகைக் காருக்கு அது கிடைத்தது என்று ஆவணத்தாலோ பாகத்தின் அச்சுக் குறியாலோ காட்ட முடிய வேண்டும். மாற்றியவர் கழற்றிய பாகத்தையும் பாதுகாத்து, செய்ததை எழுதி வைக்கவும் வேண்டும். இந்த இரு நிபந்தனைகளுக்கும் உட்பட்ட புதுப்பித்தலையே வரலாற்றுப் பணியாகக் கொள்ளலாம்.