சிசேரியன் நடுக்கமும் பிரசவ ஜன்னியும்

சிசேரியன் முடிஞ்சு மகள் நடுங்கினா தண்டையார்பேட்டை அம்மாக்கள் கேட்பது: "ஜன்னியா டாக்டர்?"

அந்த பயம் சும்மா வந்ததில்லை. பக்கத்துல ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை தொடங்கிய 1880-ல் ஆன்டிபயாடிக் கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் கிருமித்தொற்று. பல தாய்மார்கள் பிழைக்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் நடுக்கம் வேற. முதுகுல போடும் மரப்பு ஊசி 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் கொண்டுவந்தது. அது ரத்தக்குழாய்களை விரிக்கும். உள்சூடு கால் பக்கம் இறங்கும், உடம்பு நடுங்கும். கதகதப்பான போர்வை, சூடேற்றிய சலைன் இதைக் குறைக்கும். அடங்கலைன்னா பெத்திடின், டிரமடால். 1939-ல் வந்த பெத்திடின், தசைப்பிடிப்புக்கு மருந்து தேடப்போய் கிடைத்த வலி மருந்து!

வலிக்கு, மரப்பு விடும் முன்பே மருந்து தொடங்கணும். பல்லைக் கடிச்சுப் பொறுக்காதீங்க, கேளுங்க.

வீட்டுக்குப் போனபிறகு காய்ச்சலோடு நடுக்கமா? அம்மா பயந்த ஜன்னியா இருக்கலாம். உடனே கிளம்பி வாங்க.