தலைக்கு மேல் ஒரு சொத்துரிமை வழக்கு

1976 டிசம்பரில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் எட்டு நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். கொலம்பியா, ஈக்குவடோர், கென்யா, உகாண்டா, இந்தோனேசியா முதலிய அவை யாவும் நிலநடுக்கோட்டை ஒட்டியவை. தம் நிலத்துக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பாதை தமக்கே உரியது என்று அக்கூட்டம் அறிவித்தது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இக்கோரிக்கையை விளங்கிக்கொள்ள, அப்பாதையின் இயல்பை நாம் முதலில் அறிய வேண்டும்.

உயரம் கூடக்கூடச் செயற்கைக்கோளின் வேகம் குறையும், பாதை நீளும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் ஒரு சுற்று, மேற்சொன்ன உயரத்தில் 23 மணி 56 நிமிடம் நீள்கிறது. புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும் அதுவே. நொடிக்கு மூன்று கிலோமீட்டர் விரையும் அக்கோள், நம் கண்ணுக்கு அசையாது நிற்கிறது. ஒருமுறை அதை நோக்கித் திருப்பிய ஆன்டெனாவை மறுபடி திருப்ப வேண்டியதில்லை.

ஆனால் எந்தச் சுற்றுப்பாதையின் தளமும் புவியின் மையத்தினூடே சென்றாக வேண்டும். எனவே லண்டனுக்கு மேலே ஒரு கோளை இவ்வாறு நிறுத்த இயலாது. நிலநடுக்கோட்டின் மேலுள்ள அந்த ஒற்றை வளையமே இதற்கு இடம் தரும்.

1928இல் ஹெர்மன் பொடோச்னிக் இவ்வளையத்தில் ஒரு விண்வெளி நிலையத்தைக் கற்பனை செய்தார். அங்கே மூன்று கோள்கள் இருந்தால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என 1945இல் ஆர்தர் சி. கிளார்க் எழுதினார். 1963இல் ஏவப்பட்ட சின்காம் 2 புவியோடு காலம் ஒத்தாலும், பாதை சாய்ந்திருந்ததால் நாள்தோறும் வடக்கும் தெற்குமாய் அலைந்தது. 1964 ஆகஸ்டில் சென்ற சின்காம் 3தான் உண்மையில் நிலைத்து நின்றது. அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்குக் காட்டியது.

அடுத்தடுத்த கோள்களின் அலைகள் ஒன்றோடொன்று கலக்காதிருக்க இடைவெளி தேவை. ஆகவே வளையத்தில் இடம் அளவானது. முந்தி வந்தவருக்கே இடம் என்றால், ராக்கெட் இல்லாத ஏழை நாடுகள் வரும்போது என்ன மிஞ்சும்? பொகோட்டாவில் பேசிய அச்சம் இதுவே. இப்பாதை புவியீர்ப்பால் அமைவதால் அது கீழுள்ள நாட்டின் இயற்கை வளம் என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் வலுவற்றது, ஈர்ப்பு முழுப் புவிக்கும் உரியதன்றோ? விண்வெளியை எந்நாடும் சொந்தம் கொண்டாடலாகாது என்ற 1967ஆம் ஆண்டு ஒப்பந்தமும் குறுக்கே நின்றது. பிற நாடுகள் கோரிக்கையை ஏற்கவில்லை.

ஆயினும் வளையத்தில் பங்கு கேட்ட வளரும் நாடுகளின் குரல் வீண்போகவில்லை. 1988இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், சில அலைவரிசைகளில் ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் ஓரிடமாவது ஒதுக்க முடிவுசெய்தது. கொலம்பியாவோ 1991ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் அவ்வளையத்தின் ஒரு பகுதியைத் தன்னுடையதாகவே எழுதிவைத்தது.

இன்று தாழ்வான பாதைகளில் ஆயிரக்கணக்கான கோள்களைச் சில நிறுவனங்கள் நிரப்பிவருகின்றன. முந்தி வந்தவருக்கே வானமா என்ற பொகோட்டாவின் கேள்வியை நாம் மறுபடி கேட்டாக வேண்டியிருக்கிறது.