கேட்டதும் கிடைத்ததும்: நம் அரசியல் சட்டம் உருவான கதை

சென்ற குடியரசு நாளன்று, நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "அரசியல் சட்டத்தை வரைந்தவர் டாக்டர் அம்பேத்கர் என்று சொல்லுகிறோம். அப்படியானால் அவர் கேட்டவையெல்லாம் ஏன் அதில் இடம்பெறவில்லை?" என்று வினவினார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நகைத்துத் தள்ளிவிடக்கூடிய வினா அன்று அது. நம் இளைஞர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய வினா. அதற்கு விடை காண வேண்டுமாயின், அவர் கேட்டவை எவை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1947ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனத்தின் சார்பில் அண்ணல் ஒரு விரிவான கோரிக்கை நூலை அளித்தார். விளைநிலம் முழுவதும் அரசுடைமை ஆதல் வேண்டும். அதனைக் கிராம மக்கள் கூட்டாகப் பயிரிடல் வேண்டும். நிலக்கிழார் என்றும் குத்தகையாளர் என்றும் நிலமற்ற கூலி என்றும் பிரிவே இருத்தலாகாது என்பது அதன் உயிர்நாடி. நம்மவரை ஊர் விலக்கம் செய்வது தண்டனைக்குரிய குற்றமாதல் வேண்டும், நம்மவர்க்கெனத் தனிக் குடியிருப்புகள் அமைதல் வேண்டும், நம் பிரதிநிதிகளை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்பனவும் அதில் அடங்கும்.

தனி வாக்காளர் தொகுதி என்பது புதிய கோரிக்கையன்று. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அதனை வழங்கியது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் தமிழகத்துப் பெரியோர் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டனர். ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆயின. அவற்றுள் 30 சென்னை மாகாணத்திற்கு உரியவை. எண்ணிக்கை பெருகியது உண்மை. ஆனால் முதற்கட்டத் தேர்தலில் நால்வரைப் பொறுக்கித் தருவதோடு நம் தனி உரிமை நின்றது. அந்நால்வருள் வெல்பவர் யார் என்பதை அனைத்துச் சாதியாரும் சேர்ந்து அளிக்கும் வாக்கே முடிவு செய்தது. 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சம்மேளனம் பெருந்தோல்வி கண்டதற்கு இம்முறையே காரணம் என்று அண்ணல் எடுத்துக் காட்டினார்.

அத்தோல்வியின் விளைவாக, பம்பாய்ச் சட்டசபையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் செல்ல அவருக்கு வழியில்லாமற் போயிற்று. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் போன்றோர் அளித்த ஆதரவினால்தான் அவர் அச்சபையில் நுழைந்தார். நாட்டுப் பிரிவினையால் அவ்விடமும் பறிபோயிற்று. பின்னர்க் காங்கிரசின் ஆதரவோடு பம்பாயிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்தக் கட்சியை அவர் அதுவரை எதிர்த்து வந்தாரோ அதன் பெரும்பான்மையே நிறைந்த சபை அது. இதனை மறந்துவிட்டு அரசியல் சட்டத்தைப் படிப்பவர்க்கு அதன் பாதி விளங்காது.

இனி, 1947 ஆகஸ்டு மாதத்தின் மூன்று நாட்களைக் கவனியுங்கள். 28ஆம் நாள், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நம் உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொணர்ந்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் வெற்றி பெறுபவர், தாழ்த்தப்பட்டோர் அளித்த வாக்குகளில் நூற்றுக்கு 35க்குக் குறையாமல் பெற்றிருத்தல் வேண்டும் என்பதே அது. தனி வாக்காளர் தொகுதிக்கும் கூட்டுத் தொகுதிக்கும் நடுவே அமைந்த நல்லதோர் பாலம் என்றே நான் கருதுகிறேன். சர்தார் பட்டேல் எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. நம்மவருள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. அச்சபையில் இருந்த ஒரே தாழ்த்தப்பட்ட பெண் உறுப்பினராகிய தாட்சாயணி வேலாயுதன், தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று வாதிட்டவர். மறுநாள், 29ஆம் தேதி, வரைவுக் குழு அமைக்கப்பட்டது. 30ஆம் தேதி அண்ணல் அதன் தலைவரானார். அதாவது, வாயில் அடைக்கப்பட்ட பிறகே சாவி கைக்கு வந்தது.

எனினும் வந்த சாவியால் அவர் திறந்த கதவுகள் சிறியவை அல்ல. சொத்தும் படிப்பும் உடைய சிலர்க்கே வாக்குரிமை இருந்த நாட்டில் வயது வந்தோர் அனைவரும் வாக்காளராயினர். 1948 நவம்பர் 29ஆம் நாள், தீண்டாமையை ஒழிக்கும் விதி நிறைவேறியது. இன்று அது 17ஆம் விதி. தீண்டாமை என்றால் என்னவென்று சட்டத்தில் எங்கும் வரையறுக்கப்படவில்லை என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளல் நலம்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டியுள்ளது. இட ஒதுக்கீடு பத்தே ஆண்டுக்குத்தான் தரப்பட்டது என்று மேடைகளில் பேசுகின்றனர். பத்தாண்டு வரம்பு 334ஆம் விதியில் உள்ளது. அது மக்களவை, சட்டமன்ற இடங்களுக்கு மட்டுமே உரியது. கல்விக்கும் அரசுப் பணிக்கும் அவ்வரம்பு என்றுமே இருந்ததில்லை. 1949 ஆகஸ்டில் அவ்விதி விவாதிக்கப்பட்டபோது, இன்னும் நீண்ட காலம் அளித்திருப்பதே சபைக்குப் பெருந்தன்மையாகும் என்று அண்ணல் கூறினார். காலம் அவர் பக்கமே நின்றது. பத்துப் பத்தாண்டாக நீட்டப்பட்டு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவ்வரம்பு இப்போது 2030 வரை செல்கிறது.

நிலத்தின் கதை வேறு. நிலம் உடையவரின் சொத்துரிமை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எழுதப்பட்டது. அதனை மீறினால் நீதிமன்றம் செல்லலாம். நிலம் இல்லாதவரின் வாழ்வோ அரசுக்கு வழிகாட்டும் நெறிகளுள் வைக்கப்பட்டது. அந்நெறிகளை நிறைவேற்றுமாறு கேட்டு எந்த நீதிமன்றமும் செல்ல இயலாது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம்தான் சொத்துரிமையை அடிப்படை உரிமை என்னும் நிலையிலிருந்து நீக்கியது. அதற்குள் ஒரு தலைமுறையின் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் பல வழக்குமன்றங்களில் சிக்கித் தவித்துவிட்டன. நான் அறிந்தவரை, விட்டுக்கொடுத்தவற்றுள் நமக்கு மிகுந்த இழப்பைத் தந்தது இதுவே.

இதனை அண்ணல் அறியாதவர் அல்லர். 1949 நவம்பர் 25ஆம் நாள் ஆற்றிய இறுதி உரையில், வரும் சனவரி 26 முதல் அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பட்ட வாழ்வில் நுழையப் போகிறோம் என்று அவரே எச்சரித்தார்.

1952ஆம் ஆண்டு முடிவுற்ற முதல் பொதுத் தேர்தலில் வட பம்பாயில் அவர் போட்டியிட்டார். நாகப்பாவின் திருத்தம் தள்ளப்பட்ட அதே கூட்டுத் தொகுதி முறையில், காங்கிரஸ் வேட்பாளர் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1955ஆம் ஆண்டில் சம்மேளனத்தின் செயற்குழு, சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் உள்ள ஒதுக்கீட்டு இடங்களே வேண்டாம் என்று தீர்மானித்தது.

இவற்றை எடுத்துரைத்தபோது அம்மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அன்றைய விவாதங்களைப் படிக்கக் கிடைக்குமா என்று கேட்டார். அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைகள் நூலாக அச்சாகியுள்ளன. 1947 ஆகஸ்டு 28 முதல் தொடங்குமாறு சொன்னேன்.