கிளைன்குரோத்தேயும் லோக் வான் தோவும்

மலாயாவின் நிலத்தையும் பண்பாட்டையும் கேமராவில் பதிந்தவர்களைப் பேசும்போது இந்த இருவரையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சி. ஜே. கிளைன்குரோத்தே, சுமத்ராவின் மேடானில் ஸ்டுடியோ வைத்துத் தொழில் நடத்திய ஜெர்மானியர். லோக் வான் தோ, 1915-இல் கோலாலம்பூரில் பிறந்த சீனச் செல்வந்தர், கேத்தே திரையரங்குகளின் அதிபர். முன்னவருக்குப் படமெடுப்பது பிழைப்பு. பின்னவருக்கு அது பித்து. இவர்களை அருகருகே வைத்தால்தான் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களாகிய நாம் எந்தப் படத்தில் இருக்கிறோம், எதில் இல்லை என்பது விளங்குகிறது.

கிளைன்குரோத்தேயின் மலாயா ஆல்பம் 1907-ஐ ஒட்டி வெளிவந்தது. காப்பி சரிந்து, பால்மரம் தலையெடுத்த காலம். அரசுக் கட்டடங்கள், ரயில் பாதை, ஈய லம்பம், தோட்டம், காடு என ஒரு நாட்டின் வளத்தையே பட்டியல் போட்டதுபோல் இருக்கும். இத்தகைய ஆல்பங்களை விலை கொடுத்து வாங்கியவர்கள் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும். எனவே நிலம் அதில் சொத்தாகத் தெரிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கணக்குப் பார்வைதான் இன்று நமக்குச் சான்றாகப் பயன்படுகிறது.

அந்தக் காலத்துப் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். முக்காலியில் நிறுத்திய பெரிய கேமரா, கண்ணாடித் தகடு. சுவரின் செங்கல் வரிசையை எண்ணலாம். காற்றில் ஆடிய கிளை மங்கியிருக்கும். நடந்துகொண்டிருந்த ஆள் புகைபோலக் கலைந்திருப்பான். அசையாமல் நின்றவன்தான் முகத்தோடு பதிந்தான். அந்த முகத்துக்கும் பெரும்பாலும் பெயர் கிடையாது. எந்த ஊரிலிருந்து கப்பலேறினான், எந்தக் கங்காணி அழைத்து வந்தார் என்பதெல்லாம் படத்தின் தலைப்பில் வராது. கட்டடத்துக்குப் பெயர் உண்டு, கட்டியவனுக்கு இல்லை.

லோக் வான் தோ அந்த ஆல்பம் காட்டிய உலகத்தின் பிள்ளை. தந்தை லோக் யூ ஈயத்திலும் தோட்டத்திலும் பொருள் சேர்த்தவர். ஜாலான் லோக் யூ இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. 1893-இல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் எழக் கைகொடுத்தவர்களில் அவரும் ஒருவர், பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். அந்தப் பள்ளியில்தான் மகன் படித்தார். அப்பாவின் செல்வம் வந்த லம்பத்தின் பக்கம் அல்ல, பறவைகளின் பக்கம் கேமராவைத் திருப்பினார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை விட்டு அவர் தப்பிய கப்பல் குண்டுவீச்சில் சிக்கியது. கடுமையான தீக்காயம், சில காலம் கண்பார்வையும் போயிற்று. பிறகு இந்தியா போய்ச் சேர்ந்து, பறவையியலாளர் சலீம் அலியோடு காடுமேடெல்லாம் அலைந்தார். பார்வையை இழந்து மீண்ட மனிதர் ஒரு கூட்டின் எதிரே மணிக்கணக்கில் காத்திருந்தார் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. உச்சிமரத்தில் இருக்கும் கடற்கழுகின் கூட்டுக்குச் சமமாகச் சாரம் கட்டிப் படமெடுத்தவர் அவர். 1957-இல் ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ வந்தது. மறு ஆண்டு மால்கம் மெக்டொனால்டு எழுதிய ‘அங்கோர்’ நூலில் கம்போடியக் கோயில்களின் கல்லும் அவர் கேமராவில் பேசியது. 1964 ஜூனில் தைவானில் நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 49.

படக்கலை என்று பார்த்தால் எனக்கு லோக் வான் தோவே மேல். அவர் படங்களில் உயிருக்கு மரியாதை இருக்கிறது. கிளைன்குரோத்தேயிடம் அது அரிது. ஆனால் கிள்ளானின் வரலாற்றை எழுத உட்காருகிறவனுக்குக் கைகொடுப்பது ஜெர்மானியரின் ஆல்பம்தான். காசுக்கு எடுத்தவர் நம் மண்ணைக் காட்டினார். அன்பால் எடுத்தவரின் அந்த இரு நூல்களிலும் லயத்து வீட்டுக்கு இடமில்லை.

இனி அந்த லயத்து மக்களின் கதைக்கு வருவோம். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரம் புக்கிட் கூடா வரை ரயில் வந்தது. அதன் பணிமனையைச் சுற்றித்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் குடியேறினார்கள். ஜாலான் ரொசாரியோவில் இருந்த ரயில்வே ஊழியர்களின் ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ இடிக்கப்பட்டுவிட்டது. ரயில் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. கிள்ளானைச் சுற்றியிருந்த எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. அங்கே பால் வெட்டியவர்களின் பெயர்களை, தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதித்தவர்களை, கிராணி வீட்டுத் திண்ணையை மேற்சொன்ன இரு பெரும் கேமராக்களில் தேடிப் பயனில்லை. அவர்கள் இருப்பது நம் வீட்டு அலமாரி ஆல்பத்தில்தான். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை.

அந்த ஆல்பங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வாரமே ஆல்பத்தை அவர்கள் மடியில் வையுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் (பேனாவால் வேண்டாம், மை ஊறிவிடும்) பெயர், தோட்டம், டிவிஷன், ஆண்டு நான்கையும் எழுதுங்கள். கிளைன்குரோத்தே எழுதாமல் விட்ட பெயர்களை நாம்தான் எழுத வேண்டும்.