டிராக்டர் லோடர் பனித்தள்ளி

கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றில் பண்ணைப் பாதைகளிலும் முற்றங்களிலும் குவியும் பனியைத் தள்ளுவதற்காக, டிராக்டரின் முன்பக்க லோடரில் பொருத்தப்படும் வளைந்த எஃகு பிளேடு.

பொருத்துதல்: லோடர் கைகளிலிருந்து பக்கெட்டைக் கழற்றிவிட்டு, அதே இணைப்புச் சட்டத்தில் பிளேடு மாட்டப்படுகிறது. பூட்டு ஊசிகள் துளைகளில் முழுமையாக நுழைந்துள்ளனவா என்பதை ஓட்டுநர் கீழே இறங்கிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

இயக்கம்: ஏற்றி இறக்க லோடரின் நெம்புகோலே போதும். இடம் வலமாகத் திருப்பத் தனி ஹைட்ராலிக் சிலிண்டர்கள் உண்டு. அவற்றுக்கு எண்ணெய் செலுத்தக் கூடுதல் வால்வு தேவை. சுமார் 30 பாகை திருப்பினால் பனி ஓரமாக ஒதுங்கும். ‘மிதவை’ நிலையில் லோடர் கைகள் தளர்ந்திருப்பதால், பிளேடு தரையின் மேடுபள்ளங்களுக்கேற்ப ஏறி இறங்கும். சரளைப் பாதையில், அடியிலுள்ள சறுக்குத் தாங்கிகள் வெட்டு விளிம்பைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்துகின்றன.

பாதுகாப்பு: லோடர் கைகள் அள்ளவும் தூக்கவும் வடிவமைக்கப்பட்டவை, பக்கவாட்டு மோதலில் அவை முறுக்கிக்கொள்ளக்கூடும். பனியில் மறைந்த கல்லில் இடித்தால் பிளேடை மடங்கவிடும் ஸ்பிரிங்குகளும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அதிர்ச்சியைக் குறைக்கின்றன. ஆயினும் மெதுவாக ஓட்டுவதும், பின்புறம் எதிரெடை பொருத்துவதும் இன்றியமையாதவை.