காரும் ஸ்கூட்டரும்

டில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் நேயர்கள் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடைவெளிகளில் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் தண்ணீர் கசிவதுபோல் நுழைந்து, எல்லாருக்கும் முன்னே போய் நின்றுவிடுகின்றன. "ஒழுங்கு என்பதே அறியாதவர்கள்" என்று காருக்குள் இருப்பவர் சலித்துக்கொள்கிறார். "ஒரே ஆள் போவதற்கு இத்தனை இடமா?" என்று ஸ்கூட்டரில் இருப்பவர் மனத்துக்குள் கேட்கிறார். விளக்கு பச்சையானதும் இருவரும் தத்தம் வழியே போய்விடுகிறார்கள். மனத்தாங்கல் மட்டும் அடுத்த சந்திப்பு வரை தொடர்கிறது.

இதனை மனிதர்களின் குணக்கேடு என்று ஒதுக்கிவிடலாம். பலர் அவ்வாறுதான் செய்கின்றனர். ஆனால் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இந்தப் பிணக்கு குணத்தில் பிறந்ததன்று, கணக்கில் பிறந்தது என்பது புலனாகும்.

மோட்டார் வண்டிகளைப் பற்றி இந்தியா முழுமைக்குமான முதற் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. சாலைகளின் வளர்ச்சியை ஆராய ஜயகர் தலைமையில் 1927இல் ஒரு குழு அமைந்தது. சாலைப் பொறியியலாளரின் பேரவையான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1934இல் தோன்றியது. விரிவான மோட்டார் வாகனச் சட்டம் 1939இல் வந்தது. சட்டமும் சாலையும் உருப்பெற்ற அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்பது போலீஸ் சார்ஜென்டும், ராணுவத்தில் செய்தி கொண்டு செல்வோரும், துணிச்சல் மிக்க சில தனவந்தர் வீட்டு இளைஞரும் ஏறிய வண்டி. அது தெருவில் வந்தால் சிறுவர்கள் வேடிக்கை பார்க்க ஓடி வருவார்கள். 1951ஆம் ஆண்டின் கணக்குப்படி நாட்டில் பதிவான மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 3,06,000. அவற்றுள் கார், ஜீப், டாக்சி ஆகியவை 1,59,000. இருசக்கர மோட்டார் வண்டிகளோ 27,000 மட்டுமே. சாலையில் பெரும்பான்மை கார். அதற்கேற்ப மரியாதையும் காருக்கே.

அந்த மரியாதையில் ஒரு விந்தையும் இருந்தது. அன்று காரை வைத்திருந்தவர் பெரும்பாலும் அதனை ஓட்டியவர் அல்லர். சம்பளத்துக்கு அமர்ந்த காரோட்டிதான் ஓட்டினார். எஜமானரின் அந்தஸ்து முழுவதையும் ஹார்ன் ஒலியில் ஏற்றிக்கொண்டு அவர் சென்றார். எஜமானருக்கு இல்லாத மிடுக்கு காரோட்டிக்கு இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. எதிரே ஸ்கூட்டரில் வந்த ஆபீஸ் குமாஸ்தா அந்தக் காரோட்டியைக் காட்டிலும் இருமடங்கு சம்பளம் பெறுபவராக இருக்கலாம். ஆயினும் சாலையில் ஒதுங்கியவர் குமாஸ்தாவே. யார் ஓட்டுகிறார் என்பதைப் பாராமல், எதில் வருகிறார் என்பதைக் கொண்டே மதிப்பிடும் பழக்கம் இங்கே அவ்வாறுதான் வேரூன்றியது.

1950களில் நிலைமை அசையத் தொடங்கிற்று. இந்திய ராணுவத்தின் தேவையை ஒட்டி, இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மறைந்த பின்னரும் திருவொற்றியூரில் அதன் ஒலி ஓயவில்லை என்பது நம்மவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி. பம்பாயில் லாம்பிரெட்டா ஸ்கூட்டரும், 1960 முதல் பூனாவில் பஜாஜ் கம்பெனி தயாரித்த வெஸ்பாவும், அதே காலத்தையொட்டி மைசூரில் ஜாவா மோட்டார் சைக்கிளும் வெளிவந்தன. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி என்று பொருள். பெயர் வைத்தவர் பிற்கால இந்தியச் சாலைச் சந்திப்புகளைக் கனவில் கண்டிருப்பார் போலும்!

ஆனால் வண்டி வந்ததே ஒழிய, கைக்கு வரவில்லை. உற்பத்திக்கு லைசென்ஸ், விற்பனைக்குக் கட்டுப்பாடு என்ற காலம் அது. பணத்தைக் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்தாண்டு வரை காத்திருந்தவரும் உண்டு. மகன் பள்ளியில் படிக்கும்போது பதிந்த வண்டி அவன் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வடநாட்டில் வரதட்சிணைப் பட்டியலில் ஸ்கூட்டர் இடம்பெற்றதும் இந்தப் பஞ்சத்தின் விளைவே. இப்படி அரிதாய்க் கிடைத்த வண்டியை எவரும் விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை. அது குடும்பத்தின் வாகனம். தந்தை ஓட்ட, மூத்த பிள்ளை முன்னே நிற்க, தாய் கைக்குழந்தையுடன் ஒருபுறமாகப் பின்னே அமர, ஒரு குடும்பமே அதில் சென்றது.

மேலைநாட்டு வரலாற்றுக்கும் நம் வரலாற்றுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனிலும் ஒரு காலத்தில் எளியவர் குடும்பம் சைடுகார் பொருத்திய மோட்டார் சைக்கிளில் சென்றது. ஆனால் 1922இல் ஆஸ்டின் செவன், 1959இல் மினி என்று சிறு கார்கள் வந்ததும் குடும்பங்கள் காருக்கு மாறின. மோட்டார் சைக்கிள் இளைஞரின் வண்டியாயிற்று. 1964இல் மார்கேட், பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்களில் ஸ்கூட்டர் இளைஞரும் மோட்டார் சைக்கிள் இளைஞரும் இரு கூட்டமாக மோதிக்கொண்டபோது, அந்நாட்டுப் பத்திரிகைகள் பெரும் கூச்சலிட்டன. அங்கே கார்க்காரர் மோட்டார் சைக்கிள்காரரைப் பார்க்கும் பார்வையில் முதியவர் இளையவரைப் பார்க்கும் கடுமை உண்டு. இங்கே அதுவன்று, படியில் மேலே நிற்பவர் கீழே நிற்பவரைப் பார்க்கும் பார்வை.

அந்தப் படி எப்போது கட்டப்பட்டது? 1971இல் நாட்டில் கார் வகை 6,82,000. இருசக்கர வண்டி 5,76,000. காரே இன்னும் முன்னணியில் இருந்தது. பத்தே ஆண்டில், 1981இல், கார் 11,60,000 ஆக, இருசக்கர வண்டியோ 26,18,000 ஆயிற்று. பெரும்பான்மை சிறுபான்மையாகவும் சிறுபான்மை பெரும்பான்மையாகவும் மாறிவிட்ட இந்தப் பத்தாண்டை நம் சாலை வரலாற்றின் திருப்பம் என்று கொள்ளலாம். அதன்பின் எல்லாம் வெள்ளந்தான். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பால்காரரும் காய்கறி வியாபாரியும் மோட்டார் வண்டிக்குச் சொந்தக்காரர் ஆயினர். 1984இல் ஹீரோவும் ஜப்பானிய ஹோண்டாவும் கூட்டுச் சேர்ந்தன. 2011இல் இருசக்கர வண்டிகள் பத்துக் கோடியைத் தாண்டின. கார் வகை இரண்டு கோடியை எட்டவில்லை.

தொகை மாறியது, சாலை மாறவில்லை. ஒரு சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிட நம் பொறியியலாளர் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். காரை ஒன்று எனக் கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவார்கள். கிராமப்புறச் சாலைகளுக்கென இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட வழிகாட்டியில் லாரி மூன்று. பெரிய மாட்டு வண்டி எட்டு. மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ அரை. கணக்கு என்ற முறையில் இதில் பிழையில்லை. இத்தகைய அளவு உலகெங்கும் உள்ளதே. ஆயினும் நால்வரில் மூவர் ஏறிச் செல்லும் வண்டி, நான்காமவரின் வண்டியில் பாதி என்று மட்டும் அறியப்படும் நாட்டில், அந்த மூவருக்கெனத் தனித்தடம் வரைய எவருக்கும் தோன்றவில்லை. தடம் இல்லாதவர் சந்தில் நுழைகிறார். அதைக் கண்டு கார்க்காரர் ஒழுங்கீனம் என்கிறார்.

இதனிடையே கார்க்காரரும் மாறிவிட்டார். 1983 டிசம்பரில் ஏறத்தாழ 50,000 ரூபாய் விலையில் மாருதி 800 வந்தது. நேற்றுவரை ஸ்கூட்டரில் சென்ற அதிகாரியும் டாக்டரும் தாமே ஸ்டீயரிங் பிடித்தனர். சந்தில் நுழைந்து நுழைந்து பழகிய கைகள் அவை. அவர்களுக்காவது ஸ்கூட்டர்காரரிடம் பரிவு இருக்குமென எதிர்பார்க்கலாம். நடைமுறை வேறாக இருந்தது. மழையில் நனைந்த நாட்களை மறப்பதற்காகவே காரை வாங்கியவர், கண்ணாடிக்கு வெளியே நனைபவரை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

அந்த நனைபவரை நினைத்துப் பார்த்த ஒரு தொழிலதிபரும் இருந்தார். ஸ்கூட்டரில் நால்வராகச் செல்லும் குடும்பத்தைக் கண்ட வருத்தமே தம்மைத் தூண்டியது என்று கூறி, ஒரு லட்ச ரூபாய்க் காரான நானோவை ரத்தன் டாட்டா 2008 ஜனவரியில் டில்லியில் அறிமுகம் செய்தார். அந்தப் பரிவில் ஐயமில்லை. ஆனால் கார் விலைபோகவில்லை. 2018இல் உற்பத்தி ஏறத்தாழ நின்றேபோயிற்று. மிக மலிவான கார் என்று விளம்பரம் செய்தது தவறு என்று அவரே பின்னர் கூறினார். படியேறக் காத்திருந்தவர், ஏறியும் கீழ்ப்படியிலேயே நிற்பதாகப் பிறர் எண்ணும் படியை விரும்பவில்லை போலும்.

மனப்போக்கு இவ்வாறிருக்க, கண்ணைப் பற்றியும் ஒரு சொல். விபத்துக்குப் பின் கார்க்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "எங்கிருந்து வந்தானோ, நான் பார்க்கவே இல்லை" என்பது. இது பெரும்பாலும் உண்மையே. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஹாரி ஹர்ட் என்பவரின் குழு நேரில் சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. வேறு வண்டியோடு மோதிய விபத்துக்களில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மற்ற வண்டியே மீறியிருந்தது. காரை எதிர்பார்க்கும் கண், காரைத்தான் காண்கிறது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல், புதிய இருசக்கர வண்டிகளில் பகலிலும் முன்விளக்குத் தானே எரிய வேண்டும் என்ற விதி வந்தது இதனாலேதான். "பகலில் விளக்கு எதற்கு?" என்று கேட்ட அன்பர்களுக்கு இதுவே விடை.

காணாமையின் விலை பெரிது. 2022இல் நம் நாட்டில் சாலை விபத்துக்களில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர். கார் வகையில் சென்றவர் 12.5 விழுக்காட்டினர். இருவரையும் அஞ்சி நடந்து சென்று மாண்டோர் 19.5 விழுக்காட்டினர். நடைபாதையில் வண்டியை ஏற்றும் ஸ்கூட்டர் அன்பர்கள் இந்தக் கடைசி எண்ணையும் நோக்க வேண்டும்.

தலைக்கவசத்தில் ஸ்கூட்டர்காரர் காட்டிய பிடிவாதமும் சிறிதன்று. நடமாடும் உரிமைக்கு அது தடை என்று வாதிட்டு, ஆந்திர விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1988இல் நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. டில்லியில் பெண்களுக்கு 2014 வரை விலக்கு இருந்தது. கணவர் கவசம் அணிந்திருக்க, பின்னே மனைவி வெறுந்தலையுடன் செல்வதை அந்நகரில் வெகுநாள் கண்டோம். இதில் கார்க்காரர் மேல் பழி சொல்ல இடமில்லை.

இனி, இன்று வளர்ந்துவரும் ஒரு வழக்கத்தைக் கூறியாக வேண்டும். வேகச் சாலைகளும் பெரும் பாலங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் இருசக்கர வண்டிக்குக் கதவடைத்து வருகின்றன. மும்பையில் 2009இல் திறந்த பாந்திரா-வொர்லி கடற்பாலத்தில் ஸ்கூட்டர் செல்லக்கூடாது. ஜே.ஜே. மேம்பாலத்தில் 2010இல் தடை வந்தது. பெங்களூர்-மைசூர் வேகச்சாலையில் 2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து தடை. கடற்காற்று தள்ளிவிடும், வேக வேற்றுமை ஆளைக் கொல்லும் என்பன அதிகாரிகள் கூறும் காரணங்கள். இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் மேலே போகாதே என்று சொன்ன கை, கீழே உள்ள வழியைச் செப்பனிட அதே விரைவில் நீளவில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது என்பதைச் சலுகையாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. வழியையே மறுத்த இடத்தில் சுங்கம் தள்ளுபடி எதற்கு?

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை மலேசியத் தமிழர் அறிவர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைத்தார்கள். அது சில இடங்களில் குறுகலானது, வளைவுகளில் இருண்டது என்ற குறை பேச்சு அங்கும் உண்டு. எனினும் ஸ்கூட்டரையும் ஒரு வண்டியாக மதித்து, அதற்கும் வழி வேண்டும் என்று எண்ணிப் போட்ட பாதை அது.

நம் நாட்டில் 2024 ஜனவரியில், சிவ்ரியிலிருந்து கடலைக் கடந்து நவி மும்பைப் பக்கம் செல்லும் அடல் சேது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்திலும் இருசக்கர வண்டிக்கு இடமில்லை. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் அக்கரையில் வேலைக்குச் செல்வதானால், பழையபடி வாஷிப் பாலத்தின் வழியே, லாரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.