அஜீஸுல் ஹக் (1872–1935)

கான் பகதூர் காஜி அஜீஸுல் ஹக், வங்காளப் போலீஸில் சப் இன்ஸ்பெக்டராகப் புகுந்து, பீகார் மாகாணத்தில் சூப்பரிண்டெண்டெண்டாக ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். உலகத்துப் போலீஸ் இலாகாக்கள் பலவும் நெடுங்காலம் கையாண்டு வந்ததும், 'ஹென்றி முறை' என்று இன்றும் பிறர் பெயரால் வழங்குவதுமான விரல்ரேகைப் பகுப்பு முறையின் கணித அடித்தளத்தை வகுத்தவர் இவரே.

இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்த குல்னா ஜில்லாவில் பைகிராம் கஸ்பா என்னும் சிற்றூரில் பிறந்த ஹக், இளமையிலேயே தாய் தந்தையரைப் படகு விபத்தில் பறிகொடுத்துத் தமையனாரின் ஆதரவில் வளர்ந்தார். வறுமை மிகுந்த அவ்வீட்டில், தம் பங்குக்கு மேல் சோறு உண்டதற்காகத் தமையனாரிடம் அடிபட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் மனம் பொறாமல் கல்கத்தாவுக்கு ஓடிப் போனான் என்றும், களைத்துப்போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உறங்கிக் கிடந்தவனை அவ்வீட்டார் அழைத்துச் சோறிட்டு, அவனுடைய கணக்கு ஞானத்தைக் கண்டு வியந்து படிக்க வைத்தார்கள் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. பெயர் தெரியாத அந்தக் குடும்பத்தாருக்கு உலகத்தின் நீதிமன்றங்கள் அனைத்தும் கடன்பட்டிருக்கின்றன. பிரஸிடென்ஸி கல்லூரியில் கணிதமும் விஞ்ஞானமும் பயின்றுகொண்டிருந்த இவரை, வங்காளத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரலான எட்வர்ட் ஹென்றி, கணக்கில் வல்ல மாணவர் ஒருவர் வேண்டுமென்று கல்லூரி முதல்வரைக் கேட்டு, 1892-இல் தம் இலாகாவில் அமர்த்திக்கொண்டார்.

அக்காலத்தில் குற்றவாளிகளை அடையாளம் காணப் பயன்பட்டது பிரெஞ்சுக்காரரான பெர்த்தியோன் வகுத்த அங்க அளவு முறையாகும். தலையின் நீள அகலம், நடுவிரல், இடது பாதம் முதலியவற்றைக் கருவிகொண்டு அளந்து பதிவு செய்யும் அம்முறையில், அளப்பவர் மாறினால் அளவும் மாறும் என்ற பெருங்குறை இருந்தது. விரல்ரேகையின் பயனை வங்காளம் முன்பே அறிந்திருந்தது. 1858-இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற சிவில் அதிகாரி ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கைப் பதிவைப் பத்திரத்தில் வாங்கினார். ஒருவர் ரேகை பிறிதொருவர் ரேகையை ஒவ்வாது, வாழ்நாள் முழுதும் மாறாது என்பதை 1892-இல் பிரான்ஸிஸ் கால்டன் நூலெழுதி நிலைநாட்டினார். ஆயினும், கையில் ஒரு ரேகைச் சீட்டை வைத்துக்கொண்டு, அலமாரிகளில் குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான சீட்டுக்களிடையே அதன் இணையைத் தேடி எடுப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு, நடைமுறைக்கு இசைந்த விடையைக் கால்டனாலும் தர இயலவில்லை.

விடை கண்டவர் ஹக். நம் பாட்டிமார் குழந்தையின் விரல்நுனியைப் பார்த்துச் சங்கு என்றும் சக்கரம் என்றும் சொல்வதுண்டல்லவா? ஏறக்குறைய அதைப் போலவே, ரேகைகளைச் சுழி உடையவை, சுழி இல்லாதவை என்று இரண்டே இனங்களாக அவர் கொண்டார். பத்து விரல்களையும் வலக்கைப் பெருவிரல் தொடங்கி இடக்கைச் சிறுவிரல் ஈறாக வரிசைப்படுத்தி, ஐந்து ஜோடிகளாக்கினால், ஒவ்வொரு ஜோடியும் நான்கு விதமாக அமையக்கூடும். நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1,024 வரும். அது 32-இன் வர்க்கம். எனவே, நிரைக்கு 32 அறைகளாக 32 நிரைகள் கொண்ட ஓர் அலமாரியில் மனித குலத்தின் ரேகைகள் அனைத்துக்கும் இடம் வகுத்துவிடலாம். ஜோடிகளுக்கு முறையே 16, 8, 4, 2, 1 என்ற மதிப்புக்களைத் தந்து, சுழி காணப்படும் விரலுக்கு மட்டும் அதன் ஜோடியின் மதிப்பைக் கொண்டு, இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையை மேலும், ஒற்றைப்படை விரல்களின் தொகையைக் கீழும் எழுதி, இரண்டோடும் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் பின்னமே அச்சீட்டின் விலாசம். வலக்கைச் சுட்டுவிரலிலும் இடக்கைப் பெருவிரலிலும் மட்டும் சுழி உடையவனுக்கு மேலே 16-ம் 4-ம் ஒன்றும் சேர்ந்து 21, கீழே 1. எழுத்தறிவும் கூட்டல் கணக்கும் உடைய எந்தக் குமாஸ்தாவும் உரிய அறையைச் சென்றடைய இது போதும். இவருடன் பணியாற்றிய ஹேம சந்திர போஸ், ரேகை விவரங்களைத் தந்தி வழியே அனுப்பும் சங்கேத முறையை அமைத்துத் தந்தார்.

சர்க்கார் நியமித்த குழுவொன்று 1897 மார்ச்சில் இம்முறையை ஆராய்ந்து ஏற்றது. அவ்வாண்டு ஜூனில் கல்கத்தாவில் விரல்ரேகைக் காரியாலயம் அமைந்தது. அடுத்த ஆண்டே, ஜல்பாய்குரி ஜில்லாவில் தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், பஞ்சாங்கத்தின் மேல் பதிந்திருந்த கறை படிந்த விரலடையாளம் பழைய கைதி ஒருவனின் சீட்டோடு ஒத்தது. கொலைக் குற்றத்தினின்றும் விடுபட்ட அவன், திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றான். 1899-இல் சாட்சியச் சட்டமும் இதற்கேற்பத் திருத்தப்பட்டது. 1900-இல் ஹென்றி தம் பெயரில் நூல் வெளியிட்டார். 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்று, அங்கும் இம்முறையை நிறுவிப் பின்னர் அந்நகரப் போலீஸ் கமிஷனரானார்.

ரயிலில் செல்கையில் மின்னலெனத் தோன்றிய யோசனையை ஹென்றி தம் சட்டைக் கைப்பட்டையில் குறித்துக்கொண்டார் என்றொரு கதை பல காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆயிரக்கணக்கான சீட்டுக்களைப் புரட்டி, பிரித்து, எண்ணி, மீண்டும் பிரித்துப் பார்த்தவரின் உழைப்பை ஒரு கைப்பட்டைக்குள் அடக்கிவிட முடியுமென்று இக்கட்டுரையாளர் நம்பவில்லை. ஹென்றியும் ஈற்றில் நேர்மையோடு நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும்: தம் அலுவலர் அனைவரிலும் இம்முறை செம்மையுறப் பெரிதும் உதவியவர் ஹக் என்று 1926-இல் எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. பெயரும் உலகில் ஊன்றிவிட்டது.

இதற்கிடையே ஹக் போலீஸ் உத்தியோகத்திலேயே இருந்தார். 1912-இல் பீகார் வங்காளத்தினின்றும் பிரிக்கப்பட்டபோது பீகார் போலீஸைத் தேர்ந்துகொண்டார். 1913-இல் கான் சாகிப் பட்டமும், 1924-இல் கான் பகதூர் பட்டமும், பின்னர் தம் கோரிக்கையின்மேல் 5,000 ரூபாய் சன்மானமும், மோதிஹாரியில் ஒரு ஜாகீரும் பெற்றார். பிற்காலத்தில் இங்கிலாந்திலுள்ள விரல்ரேகைச் சங்கம் இவர் பெயரையும் போஸ் பெயரையும் இணைத்து ஒரு பரிசை ஏற்படுத்தியது. ஓய்வுக்குப்பின் மோதிஹாரியிலேயே தங்கிய ஹக் 1935-இல் காலமாகி, அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.